அவர் உங்களுக்கு என்ன வேணும்?

வேளச்சேரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. ஒன்பது வருஷமாக இரண்டு ஆண்கள் அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள். ஒருவருடைய அம்மா ஊரிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்தால், முதல் வேலையாக இரண்டாவது அறையைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் அது இஸ்திரிக்குப் போக வேண்டிய துணியும் காலி அட்டைப்பெட்டிகளும் கிடக்கிற அறை. அன்றைக்கு மட்டும் கட்டிலில் புது விரிப்புப் போட்டு, அதையும் கொஞ்சம் கசக்கிவிட்டு, தலைமாட்டில் ஒரு சார்ஜரைச் சொருகி, கதவுக்குப் பின்னால் கைலி ஒன்றைத் தொங்கவிடுவார்கள். யாரோ தினமும் படுத்து எழுந்திருக்கிற அறை தயார். ஹாலில் இருக்கும் ஊட்டிப் போட்டோ அலமாரிக்குள் போய்விடும். அம்மா வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அந்தத் தம்பிக்கு இன்னும் பொண்ணு அமையலையா?" என்று கேட்பார்.

தமிழில் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறோம். மாமா வேணும், சித்தப்பா வேணும், ஒன்றுவிட்ட தம்பி வேணும். பங்காளிக்கும் சம்பந்திக்கும் சகலைக்கும் ஓரகத்திக்கும்கூடத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிற மொழி இது. ஆணைக் காதலிக்கிற ஆண் மட்டும் இந்தக் கேள்விக்கு ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு ஓனரிடம் ரூம்மேட், அலுவலகத்தில் ஃப்ரெண்ட், ஆஸ்பத்திரியில் கசின், எதிர்வீட்டுப் பாட்டியிடம் தம்பி மாதிரி. நானும் இப்படிப் பதில் சொல்லிச் சொல்லியே நாற்பதைத் தாண்டியவன். கே ஆண்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தில் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியில் ஆரம்பிப்பதுதான் சரியென்று படுகிறது. காதல் இங்கே எப்போதும் இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளும்படி அதற்கு ஒரு உறவுமுறைதான் இல்லை.

நண்பன் என்ற சொல் எங்களுக்கு நிழல் கொடுத்திருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. நம்மூரில் இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நடக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து வீடு கேட்டால் புரோக்கர் போனை வைத்துவிடுவார். இரண்டு ஆண்கள் கேட்டால், "பேச்சிலர்ஸா? தண்ணி, சிகரெட் கூடாது" என்பதோடு முடிந்துபோகும். ஆண்களுக்குள் உள்ள நட்பைத் தமிழ் அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது. வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன், ஒருமுறைகூட நேரில் பார்த்திராத பிசிராந்தையார் எப்படியும் வருவார், அவருக்கு ஒரு இடம் விடுங்கள் என்று சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது காதல் கதை என்று நான் சொல்லவில்லை. சிலர் அப்படி இழுத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடும் இல்லை. நட்பு என்ற சொல் எவ்வளவு பெரிய அன்பையும் தாங்கும் என்று இந்த மொழிக்குத் தெரியும், அதற்காகத்தான் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்குள் எங்கள் காதலையும் மறைத்து வைத்துக்கொண்டோம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நண்பனுக்கு உரிமை என்று எதுவும் கிடையாது.

ஒருவன் தன்னையே என்னவென்று சொல்லிக்கொள்வது என்பது அதற்கும் முந்தைய சிக்கல். தொண்ணூறுகளில் ஒரு சின்ன ஊரில் எட்டாவது படிக்கிற பையனுக்குக் கிடைத்த ஒரே சொல் 'ஒம்போது'. கையை ஆட்டிப் பேசினாலும் கபடிக்கு வராவிட்டாலும் அந்தச் சொல் முதுகில் வந்து விழும். ஆண்மேல் ஆசை வருகிறதே, அப்படியானால் நான் பெண்ணாக மாற வேண்டுமோ என்று அந்தப் பையன் ராத்திரியெல்லாம் பயந்து கிடப்பான். ஊர் அவனுக்குக் காட்டிய ஒரே முன்மாதிரி திருநங்கைதான். திருநங்கை தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். கே ஆண் தன்னை ஆணாகவே உணர்ந்து ஆணை விரும்புகிறவன். இரண்டும் வேறு வேறு என்று சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. இந்தக் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை. மகன் விஷயத்தைச் சொன்னதும் "ஆபரேஷன் பண்ணிக்கப் போறியா?" என்று கேட்டு அழுத அம்மாக்களை எனக்குத் தெரியும்.

அதே காலத்தில் சென்னையின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் வேறொரு பாஷை புழங்கியது. நடையிலும் பேச்சிலும் பெண்மை கலந்தவர் கோத்தி, அவர் விரும்புகிற 'ஆம்பளை' பந்தி. பந்திக்குத் தன்னை எதுவென்றும் சொல்லிக்கொள்ளும் தேவை இல்லை. அவனுக்குக் கல்யாணம் நடக்கும், பிள்ளைகள் பிறக்கும், சாயங்காலம் கோத்தியைத் தேடியும் வருவான். அவமானம் முழுவதையும் கோத்தி ஒருவரே சுமப்பார். எச்.ஐ.வி. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். அதற்குப் பின் தடுப்புத் திட்டங்கள் வந்தன. 'ஆண்களோடு உடலுறவு கொள்ளும் ஆண்கள்' என்ற பொருளில் எம்.எஸ்.எம். என்ற மூன்றெழுத்தும் கோப்புகளில் ஏறியது. 1998-இல் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் அமைப்பு கோத்திகளுக்கு உட்கார்ந்து பேச ஒரு கூடத்தைக் கொடுத்தது. ஆணுறையும் ரத்தப் பரிசோதனையும் உயிர்களைக் காப்பாற்றின, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அரசு எங்களை முதலில் எண்ணியது நோய் வரக்கூடியவர்களாக. நாங்கள் யாரையாவது நேசிக்கிறோமா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பத்திரிகைகளும் அதைத்தான் செய்தன. 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லில் இருப்பது சேர்க்கை மட்டும்தான். காலையில் ஒருவனுக்கு டிபன் கட்டிக்கொடுப்பதும், அவனுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் வந்தபோது எனக்கு மூச்சு விட முடிந்தது, ஈர்ப்பில் மனசும் இருக்கிறதல்லவா. 2003-இல் சிறிய நண்பர் வட்டமாக ஆரம்பித்து பிறகு ஓரினம் என்று பெயர் பெற்ற சென்னைக் குழுவைப் போன்றவர்கள் இப்படிப்பட்ட சொற்களைத் தமிழில் பேசிப் பேசியே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், தனக்கே இந்த விஷயத்தில் சரியான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு 2021 ஜூன் 7-இல் உத்தரவு பிறப்பித்தார். ஒரு நீதிபதி இப்படி வெளிப்படையாகச் சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-இல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் சொன்னதும் அந்த வருஷம்தான். உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்தது 1990-இல். முப்பத்திரண்டு வருஷ இடைவெளியில் எத்தனை பையன்களை மாத்திரைக்கும் மந்திரிக்கவும் கூட்டிப்போனார்களோ.

எங்கள் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலரும் எழுதிவிட்டார்கள். வெள்ளைக்காரன் 1860-இல் எழுதியது. 2009 ஜூலை 2-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் பல்லைத் திரும்ப ஒட்டிவைத்தது. 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தவர்கள் விரும்பிக் கொள்ளும் உறவு குற்றமில்லை என்றார்கள். இவர்களிடமும் இவர்கள் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். அன்று மத்தியானம் நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "சும்மாதான்" என்றேன். வெள்ளைக்காரன் தான் ஆண்ட மற்ற ஊர்களிலும் இதே சட்டத்தை விட்டுவிட்டுப் போனான். சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் 377ஏ பிரிவை நீக்கியது. மலேசியாவிலும் இலங்கையிலும் அது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. கிள்ளானிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிற ஒரு தமிழ்ப் பையனுக்கு எங்கள் செப்டம்பர் 6 இன்னும் வரவில்லை.

காதல் ஆரம்பிக்கிற இடமும் மாறிவிட்டது. முன்பு யாஹூ சாட், பிறகு பிளானட்ரோமியோ இணையதளம், இப்போது கிரைண்டர் என்கிற ஆப். திண்டிவனத்தில் இருக்கிறவனுக்கு, தன்னைப்போல் இன்னொருவன் நாலு கிலோமீட்டரில் இருக்கிறான் என்று போன் காட்டுகிறது. உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த நாலு கிலோமீட்டர் சாதாரண விஷயமில்லை. ஆனால் 'ஹாய்' சொன்னதும் அடுத்து வருகிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பிளேஸ் இருக்கா?" அவன் அப்பா அம்மாவோடு இருக்கிறான், இவன் மேன்ஷனில் மூன்று பேரோடு இருக்கிறான். பல உறவுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வளராததற்கு முதல் காரணம் இடம் இல்லாததுதான். சேர்ந்து சாப்பிட்டு, சண்டை போட்டு, மறுநாள் காலையில் காபி போட்டுக்கொடுத்துப் பழக ஒரு கூரை வேண்டும். "இவங்களுக்கு நிலையா ஒரு உறவே இருக்காது" என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அந்த இடத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். போலிப் படம் போட்டு வரச்சொல்லி, நாலு பேராகச் சூழ்ந்து அடித்து, வீடியோ எடுத்து, போனிலிருந்தே பணத்தை மாற்றிக்கொண்டு அனுப்புவார்கள். பறிகொடுத்தவர்களில் பலர் போலீசுக்குப் போவதில்லை. அங்கேயும் "அவன் உனக்கு என்ன வேணும்? எதுக்கு அங்க போனே?" என்றுதான் கேட்பார்கள் என்ற பயம். எங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் சேர்த்திருக்கிறார்கள், அது பெரிய விஷயம். இன்னொரு பக்கம், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-ஐ அடியோடு விட்டுவிட்டார்கள். ஒரு ஆணைப் பலவந்தப்படுத்தினால் வழக்குப் போட அதுவரை அந்தப் பிரிவு ஒன்றுதான் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. இந்த ஓட்டையைப் பற்றி இன்னும் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும்.

அப்புறம் கல்யாணம். தமிழ்நாட்டில் கே ஆண்களின் காதல் முறிவதற்கு நான் பார்த்த வரைக்கும் சண்டையைவிட ஜாதகம்தான் அதிகக் காரணம். இருபத்தெட்டு வயதாகும்போது வீட்டில் பேச்சு மாறும். "நாங்க கண்ணை மூடுறதுக்குள்ள", "உன் தங்கச்சிக்கு அடுத்து நீதானே", "கடமையை முடிச்சிட்டோம்னா நிம்மதி". நம் குடும்பங்களில் கல்யாணம் என்பது பிள்ளைக்குச் செய்வதைவிடப் பெற்றோர் முடிக்கிற கடமை. மறுப்பவன் தன் ஆசையை மட்டும் சொன்னதாக ஆகாது, அப்பாவுக்கு ஊரில் இருக்கிற கௌரவத்தையும் மறுத்ததாக ஆகிவிடும். ஆறு வருஷம் கூட இருந்தவன் ஒருநாள், "பொண்ணு பார்த்துட்டாங்க, நான் ஒண்ணும் சொல்ல முடியல" என்று வந்து நிற்பான். அதற்குப் பிறகு நடப்பதுதான் கொடுமை. காதலை இழந்தவன், 'நெருங்கிய நண்பன்' அல்லவா, மண்டபத்தில் ஓடி ஓடி வேலை செய்வான். வாழைமரம் கட்ட ஆள் பிடிப்பான், மொய் நோட்டோடு உட்கார்ந்து பெயர் எழுதுவான், போட்டோவில் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நிற்பான். மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். பெண்ணைக் காதலித்துத் தோற்றவனுக்கு இந்த ஊர் தாடி வளர்க்க அனுமதி கொடுத்திருக்கிறது, நண்பர்கள் தோளைத் தட்டுவார்கள். இவனிடம் "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்டால் தூக்கமில்லை என்பான்.

அந்த மண்டபத்தில் இன்னொருவரும் ஏமாற்றப்படுகிறார். மேடையில் உட்கார்ந்திருக்கிற பெண். அவர் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து வருஷக்கணக்கில் மருகுவார். வீட்டு நெருக்கடி எவ்வளவு இருந்தாலும், சொல்லாமல் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதை என்னால் நியாயப்படுத்த முடியாது. எங்கள் கூட்டங்களில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும். இதற்கு மாற்றாகச் சிலர் எம்.ஓ.சி. (மேரேஜ் ஆஃப் கன்வீனியன்ஸ்) என்று ஒரு வழி தேடுகிறார்கள். கே ஆணும் லெஸ்பியன் பெண்ணும் பேசிவைத்து, ஊருக்காகச் செய்துகொள்ளும் கல்யாணம். இரண்டு பேருக்கும் தெரிந்தே நடப்பதால் அதில் துரோகம் இல்லை. ஆனால் மாமியார் பேரப்பிள்ளை கேட்க ஆரம்பிக்கும்போது அந்த ஒப்பந்தத்தில் அதற்கு வழி எழுதியிருக்காது.

இப்படிச் சொன்னால் எல்லாக் குடும்பமும் கல் நெஞ்சம் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. நம் வீடுகளில் பல விஷயங்கள் சொல்லாமலே தெரியும், தெரிந்தும் பேசாமல் வைத்திருப்பார்கள். வேளச்சேரி வீட்டுக்கு வந்த அம்மா போன தடவை இரண்டாவது அறை ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டே, "இந்த ரூம் ஏன் இப்படிப் புழுங்குது? யாரும் திறக்கறதே இல்லையா?" என்று கேட்டாராம். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பருப்புப் பொடியைப் பெரிய டப்பாவாகக் கொடுத்துவிட்டு, அந்தத் தம்பிக்குக் காரம் ஆகாது, அதனால் மிளகாயைக் குறைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

தன் விருப்பத்துக்குத் தடை போடும் ஊரை எதிர்த்து நிற்கிறவன் மற்ற தடைகளையும் உதறிவிடுவான் என்று நான் இளவயதில் நம்பினேன். சாதி அப்படி எளிதில் உதிர்வதில்லை. 2015-இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடி நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். சாதி தடையில்லை (ஆனால் ஐயராக இருந்தால் நல்லது) என்று அதில் இருந்தது. அந்தத் தாயின் துணிச்சலை மதிக்கிறேன், அந்த அடைப்புக்குறியை மறக்க முடியவில்லை. ஆப்பிலும் கறுப்பு வேண்டாம், கோத்தி வேண்டாம், இங்கிலீஷ் பேசத் தெரியணும் என்று எழுதிவைத்திருக்கிறவர்கள் ஏராளம். சாதிப் பெயரைக் கேட்காமலே சாதியைக் கண்டுபிடிக்க இந்த மூன்று கேள்வி போதும்.

சேர்ந்து வாழ்ந்து வயதாகிறவர்களுக்கு "என்ன வேணும்?" என்ற கேள்வி பேப்பரில் வர ஆரம்பிக்கிறது. 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, சிறப்புத் திருமணச் சட்டத்தில் எங்களைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின. அதனால் என்ன நஷ்டம், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் போங்களேன் என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்களுக்காகச் சில கணக்குகளைச் சொல்கிறேன். கல்யாணமாகாத ஒரு இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவன் சம்பாதித்த வீடு அம்மாவுக்குப் போகும், அம்மா இல்லாவிட்டால் அப்பாவுக்கு, அப்பாவும் இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்களுக்கு. இருபது வருஷம் பாதி இ.எம்.ஐ. கட்டியவன் அந்த வரிசையில் எங்கும் இல்லை. வருங்கால வைப்பு நிதியில், தன்னை நம்பி வாழும் பெற்றோர் இருக்கும்போது வெளியாளை நாமினியாகப் போட்டால் அது செல்லாது. கணவன் மனைவிக்கு எவ்வளவு கொடுத்தாலும் அன்பளிப்பு வரி இல்லை, நாங்கள் ஒருவருக்கொருவர் வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வாங்கியவருக்கு அது வருமானம்.

மத்திய அரசு 2024-இல் சில கடிதங்கள் அனுப்பியது. இருவரும் ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கலாம், துணைவரை நாமினியாகப் போடலாம், ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேரலாம், நெருங்கிய சொந்தக்காரர்கள் இல்லாதபோது இறந்த துணைவரின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். ஜாயின்ட் அக்கவுண்ட் எந்த இரண்டு பேரும் முன்பே திறக்கலாம், அதில் புதுசு ஒன்றுமில்லை. கடைசியில் சொன்னதை மட்டும் இன்னொருமுறை படியுங்கள். சொந்தக்காரர்கள் இல்லாதபோதுதான். தம்பி வந்து நின்றுவிட்டால், கூடவே வாழ்ந்தவன் வாசலில் நிற்கும் பத்துப் பேரில் ஒருவன். நெய்ப்பந்தம் பிடிக்கக் கூப்பிட மாட்டார்கள், பதினாறாம் நாள் தெரியப்படுத்தினால் பெரிசு.

நம்பிக்கை தருகிற குரல்கள் பெரும்பாலும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே வருகின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் குடும்ப உறவுப் பத்திரம் ஒன்றைப் பதிவுசெய்துகொள்ள அரசு வழிசெய்யலாம் என்றார். 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணின் துணைவி தொடுத்த வழக்கில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாமே தேர்ந்தெடுத்த குடும்பத்தையும் சட்டம் அறிந்திருக்கிறது என்று எழுதினார்கள். அப்படியொரு பத்திரம் வந்துவிட்டால் நாங்கள் காட்ட ஒரு காகிதம் இருக்கும். அது வரும்வரை உயில்தான்.

வேளச்சேரிக்காரர்கள் இருவரும் போன மாதம் சாட்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரிடம் போனார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையும் அவரும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே. பெரியவர் கம்ப்யூட்டரில் பழைய உயில் ஒன்றைத் திறந்து பெயர்களை மாற்றிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தி, தலையை நிமிர்த்தாமல், "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "கூட இருக்கார்" என்றார் என் நண்பர். "எத்தனை வருஷமா?" "ஒன்பது." பெரியவர் சரி என்று தட்டினார். பிரிண்ட் வந்ததும் வழக்கப்படி சத்தமாகப் படித்துக் காட்டினார். எவருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனச் சம்மதத்துடன், என் மீது அன்பும் பாசமும் பற்றுதலும் கொண்டு என்னுடன் வசித்துவரும் இன்னாருக்கு. மனைவிக்கும் மகனுக்கும் எழுதுகிற அதே வரி, அவர் அதை மாற்றவில்லை. "எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா பாருங்க" என்று காகிதத்தை நீட்டினார். என் நண்பர் அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.